பிரசவ லீவு முடிந்த பிறகு குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்?

கோவை, தனியார் நிறுவன ஊழியர்:

எனக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. 2017-இல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால் இது வெறும் 12 வாரம். ரத்த அழுத்தம் இருந்ததால் பிரசவத்துக்கு முன்பே கொஞ்சம் எடுக்க வேண்டியதாயிற்று. ஆக, வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளில் பாப்பாவுக்கு ஐந்து மாசம்கூட ஆகவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. மாமியார் நாத்தனார் பிரசவத்துக்குப் போய்விட்டார். "ஒரு வருஷம் வீட்டில் இரும்மா, வேலை எங்கே போயிடப் போகுது?" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் கணவரிடம் அதை யாரும் சொல்லவில்லை.

50 பேர் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது அதே 2017 சட்டத் திருத்தத்தில் வந்த விதி. எங்கள் அலுவலகத்தில் அத்தனை பேர் இல்லை. பால்வாடியில் கேட்டால் இரண்டு வயசு ஆகட்டும் என்றார்கள். அதுவரை குழந்தையைப் பாட்டிகள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். பாட்டி இல்லாத வீட்டில் அம்மா வேலையை விடுகிறாள். நானும் விட்டேன்.

பிறகு நேர்காணலுக்குப் போனால் முதல் கேள்வியே, "குழந்தையை யார் பார்த்துக்குவாங்க?" எரிச்சலாக வந்தது. ஆனால் காரணமும் தெரியும். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இல்லாதவர்களுக்கு அந்த 26 வாரச் சம்பளம் முழுக்க நிறுவனத்தின் பணம். அதில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொண்டாலே பெண்களை வேலைக்கு எடுக்க இவ்வளவு தயங்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

விழுப்புரம் பக்கம், அரசுப் பள்ளி ஆசிரியை:

தங்கச்சி, உங்கள் கோபம் நியாயமானது. எனக்கு ஒரு வருஷம் கிடைத்தது. தமிழக அரசு 2021 ஜூலை முதல்தான் 9 மாசத்தை 12 ஆக்கியது. பையன் நடக்க ஆரம்பித்த பிறகே பள்ளிக்குத் திரும்பினேன். வேலையை விடுவதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே வரவில்லை. ஆனால் தனியார் பள்ளியில் இருந்த என் ஓரகத்தியிடம், "நிறுத்திடும்மா, குழந்தைதான் முக்கியம்" என்று சொன்னவரும் எங்கள் மாமியார்தான். குடும்ப வழக்கம் என்று நாம் சொல்வதில் பாதி சம்பளக் கணக்கு என்று அன்றைக்குப் புரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒரு சிறுமி அடிக்கடி வர மாட்டாள். விசாரித்தால், அம்மா கரும்பு வெட்டப் போகும் நாளில் கைக்குழந்தைத் தம்பியை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் அந்த அம்மாவுக்கு 18,000 ரூபாய் வரை உதவி உண்டு, அதில் ஒரு பகுதி சத்துப் பொருளாக வரும். பிரசவ நேரத்துக்கு நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் கூலி வேலைக்கு லீவு ஏது? எங்கள் அங்கன்வாடியில் கைக்குழந்தைகளையும் பகல் முழுக்க வைத்துக்கொள்ள வசதி வேண்டும் என்று கிராம சபையில் மனு கொடுத்திருக்கிறோம். உங்கள் ஊரில் யாராவது இப்படிக் கேட்டு வாங்கியிருந்தால், யாரைப் பார்த்தீர்கள், எப்படி முடிந்தது என்று இங்கே எழுதுங்கள்.