ஸ்பென்ஸர் வம்சத்தின் வேர் எங்கே? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

நார்தாம்ப்டன்வாசி:

போன மாதம் இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் பக்கத்து கிரேட் பிரிங்டன் தேவாலயத்துக்குப் போயிருந்தேன். இளவரசி டயானாவின் பிறந்த வீட்டாரான ஸ்பென்ஸர்கள் 16ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கேதான் அடக்கம். இரும்புக் கம்பிக்கு வெளியே நின்றுதான் கல்லறைகளைப் பார்க்க வேண்டும். 1656இல் இறந்த சர் எட்வர்ட் ஒரு பெரிய கல் தாழிக்குள்ளிருந்து எழுந்து வருவது போலச் செதுக்கியிருக்கிறார்கள். கொஞ்சம் திடுக்கிடத்தான் வைக்கிறது.

அங்கிருந்த ஒரு பெரியவர், "இவர்கள் இடைக்கால இங்கிலாந்தின் டெஸ்பென்ஸர் பிரபுக்களின் வழி" என்றார். பக்கத்தில் நின்ற அம்மாள், "ஆடு வளர்த்துப் பணம் பார்த்தவர்கள்" என்று வெட்டினார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். அம்மாள் பக்கம்தான் ஆதாரம் இருக்கிறது. கால் ஊன்றி நிற்க முடிகிற இடம் வார்விக்‌ஷயரில் மேய்ச்சல் நிலம் வைத்து மந்தை வளர்த்த ஜான் ஸ்பென்ஸர்தான். 1506இல் வார்ம்லெய்ட்டன், 1508இல் ஆல்தார்ப் என்று வாங்கிப்போட்டார். 1504இல் குடும்பம் பெற்ற கேடயச் சின்னத்தில் இருப்பவை ஆறு கடற்பறவைத் தலைகள். டெஸ்பென்ஸர் சின்னத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பணம் சேர்ந்த பிறகு, 1595இல், ரிச்சர்ட் லீ என்ற ஹெரால்டு, அதாவது குலச்சின்னங்களைப் பதிவுசெய்யும் அரச அதிகாரி, டெஸ்பென்ஸர் வரை போகும் கொடிவழி ஒன்றை எழுதிக் கொடுத்தார். 1901இல் ஹொரேஸ் ரவுண்ட் என்ற வரலாற்றாய்வாளர் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார். பழைய ஆவணங்களில் கண்ணில் பட்ட ஸ்பென்ஸர், டெஸ்பென்ஸர் எல்லோரையும் ஒரே கொடியில் கோத்து, இடைவெளியைக் கற்பனையால் நிரப்பியிருக்கிறார் லீ. இத்தனைக்கும் டெஸ்பென்ஸர்களில் பேர்போன அப்பாவும் மகனும் 1326இல் தூக்கில் தொங்கியவர்கள்!

கவென்ட்ரிக்காரன்:

நான் வார்ம்லெய்ட்டன் போயிருக்கிறேன். பழைய மாளிகையை உள்நாட்டுப் போரில் எரித்துவிட்டார்கள். 1613இல் கட்டிய நுழைவாயில் குலச்சின்னத்தோடு இன்னும் நிற்கிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது வயல்தான். புல்லுக்கு அடியில் உழவுச்சால்கள் வரிவரியாக மேடும் பள்ளமுமாக இன்னும் தெரிகின்றன. முன்பு அங்கே குடியிருந்து உழுதவர்களை ஆட்டு மேய்ச்சலுக்காகக் கிளப்பிவிட்டார்கள். ஸ்பென்ஸர் வாங்குவதற்கு முன்பே அது நடந்துவிட்டது என்பதும் உண்மை. ஆனால் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் கார்டினல் வல்ஸியின் காலத்தில், 1517இல் தொடங்கிய விசாரணையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். வீடு கட்டிக் கொடுத்தேன், தேவாலயத்தைச் சீர்செய்தேன் என்று வாதாடியிருக்கிறார். வம்சப்பெருமையை விட இந்தக் கதைதான் எனக்கு முக்கியம்.

1621இல் பிரபுக்கள் சபையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். "உன் முன்னோர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள்" என்று அரண்டல் பிரபு குத்தினாராம். "அப்போது உங்கள் முன்னோர் ராஜதுரோகம் செய்துகொண்டிருந்தார்கள்" என்று திருப்பிக் கொடுத்தார் அதே வம்சத்து ராபர்ட் ஸ்பென்ஸர் பிரபு. மன்னிப்புக் கேட்க மறுத்த அரண்டலை லண்டன் டவரில் அடைத்தார்கள். ஆடு மேய்த்ததை ஸ்பென்ஸர் மறுக்கவே இல்லை, பாருங்கள்!

பழங்கணக்கு:

என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் குடும்பத்துக்கும் இதே சிக்கல். அச்சான வம்சாவளியில் முதல் பெயரே நார்மன் வீரன். கேன்டர்பரி நீதிமன்ற உயில்கள் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அதில் தேடினோம். மகனின் உயிலில் 'ஜென்டில்மேன்'. அப்பாவின் உயிலில் 'யோமன்', அதாவது சொந்த நிலத்து விவசாயி. விட்டுப்போனது ஒரு சிறகு மெத்தை, பித்தளைப் பானை, இரண்டு பசு. நண்பருக்கு ஒரே குஷி. அவர் அம்மாதான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஹெரால்டுகள் 1530 முதல் 1688 வரை மாவட்டம் மாவட்டமாகப் போய் விசாரித்த ஏடுகளைப் பார்ப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். குடும்பத்தார் சொன்னதைத்தான் பெரும்பாலும் எழுதிக்கொண்டார்கள். பாட்டன் வரை நம்பலாம். அதற்கு மேல் உயிலோ நிலப்பத்திரமோ கேளுங்கள். ஊர்ப்பெயரே குடும்பப்பெயராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஒரே ஊரிலிருந்து கிளம்பிய சம்பந்தமே இல்லாத பத்துப் பேருக்கும் அதே பெயர் ஒட்டியிருக்கும்.

தேவாலயப் பதிவேடுகள் 1538இல்தான் தொடங்குகின்றன. அதற்கு முன்னால் போக மேனர் (நிலப்பிரபுவின் பண்ணை) நீதிமன்றச் சுருள்கள்தான் வழி. எல்லாம் லத்தீன், அதுவும் சுருக்கெழுத்துகளோடு. இங்கே யாராவது படித்துப் பழகியிருந்தால் எப்படித் தொடங்கினீர்கள் என்று எழுதுங்களேன்.