துணி நாப்பி தோய்த்தும் நெடி போகவில்லை

நாலாம்மாடி, வெள்ளவத்தை:
மகளுக்கு ஐந்து மாதம். பகலில் துணி நாப்பி, இரவில் மட்டும் பம்பர்ஸ். விற்கிற விலைக்கு முழு நாளும் பம்பர்ஸ் கட்ட ஏலாது. என்னிடம் இருப்பது பொக்கட் நாப்பி, உள்ளே மைக்ரோஃபைபர் துணி வைப்பது. காய்ந்து மடிக்கும்போது ஒரு மணமும் இல்லை. பிள்ளை ஒருக்கால் மூத்திரம் பெய்தால் போதும், கண் எரிகிற நெடி. தொடை இடுக்கும் சிவக்கிறது. மெஷினில்தான் தோய்க்கிறேன். பவுடர் தாராளமாகப் போட்டு, கடைசியில் சொஃப்ட்னரும் ஊற்றுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து நிற்கும் அம்மா, "இன்னும் ஒரு கரண்டி போடு" என்கிறார். இந்த மழைக்கு பல்கனியில் ஒன்றும் காய்வதும் இல்லை. என்ன செய்யலாம், சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரி:
தங்கச்சி, அம்மா சொல்வது யாழ்ப்பாணத்துக்குச் சரி. அங்கே சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிய கிணற்றுத் தண்ணீர், சவர்க்காரம் லேசில் நுரைக்காது. இங்கே குழாயில் வருவது அம்பத்தலையில் சுத்திகரித்த களனி கங்கைத் தண்ணீர், லேசில் நுரைக்கும். இதற்கும் அதே அளவு போட்டால் பவுடர் முழுக்க அலசுப்படாது, துணிக்குள்ளேயே தங்கிவிடும். மூத்திரத்தில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைக்கும்போது அமோனியா வரும். கண்ணை எரிப்பது அதுதான்.

தோய்த்துக் காய்ந்த உள்துணி ஒன்றை வாளியில் சுடுதண்ணீர் விட்டு அளைந்து பாருங்கோ. நுரைத்தால் பவுடர் மிச்சம் இருக்கிறது. பவுடர் இல்லாமல் சுடுதண்ணீரிலேயே நுரை அடங்கும்வரை அலசுங்கோ. வெளிக் கவரைக் கொதிநீரில் போடவேண்டாம், ரப்பர் போய்விடும்.

சொஃப்ட்னரை இன்றோடு விடுங்கோ. அது நூலின் மேல் படிந்து துணியை உறிஞ்ச விடாது, பிறகு பக்கத்தால் ஒழுகும். கழற்றியவுடன் பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு, இரண்டு நாளைக்கு மேல் சேர்க்காமல் மெஷின். அப்புறம் பவுடர் பைக்கெட்டில் போட்டிருக்கும் அளவுதான், கரண்டிக் கணக்கு இல்லை.

பேரனின் அம்மம்மா, பம்பலப்பிட்டி:
மழைக்கு மைக்ரோஃபைபர் எங்கே காயும்? தடிப்பு. பழைய பருத்தி வேட்டியைச் சதுரமாக வெட்டி, மடித்து பொக்கட்டுக்குள் வையுங்கோ பிள்ளை. விரித்துப் போட்டால் ஒற்றைத் துணி, ஃபான் காற்றுக்கே காயும். புது வேட்டி வேண்டாம், நாலைந்து தோய்ப்புக்குப் பிறகுதான் தண்ணீர் பிடிக்கும். வெயில் எறித்தால் மட்டும் எல்லாவற்றையும் பல்கனிக்குக் கொண்டு ஓடுங்கோ. மஞ்சள் கறைக்கு வெயிலை விட்டால் வேறு மருந்து இல்லை.

வோட்டில் வேலை:
சிவப்பு மடிப்புகளுக்குள் பரவி, ஓரத்தில் சின்னச் சின்னப் பருவாக வந்தால் பங்கசாக (பூஞ்சைத் தொற்றாக) இருக்கலாம். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் காட்டுங்கோ. கிரீம் பூசினால் மேலே ஒரு துண்டுத் துணி வையுங்கோ, இல்லாவிட்டால் கிரீமும் நாப்பியில் படியும்.

நாலாம்மாடி, வெள்ளவத்தை:
வாளி நிறைய நுரை! அம்மாவும் வந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. வேட்டி தேட அலுமாரிக்குப் போயிருக்கிறார். இன்னும் ஒன்று, அடுத்த மாதம் சோறு கொடுக்கத் தொடங்கினால் பீ நாப்பியை என்ன செய்வது?

கொட்டாஞ்சேனைக்காரி:
இப்போது தாய்ப்பால் மட்டும் என்றால் அது தண்ணீரில் கரைந்துவிடும். சோறு தொடங்கினால் கெட்டியாகும். முதலில் டொய்லட்டுக்குள் தட்டிவிட்டு, கைக்குழாயால் பீய்ச்சுங்கோ. குளியலறை பேசினில் வேண்டாம், அடைத்தால் கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.