325 மில்லியன் டாலர் கொடுத்து அமெரிக்காவின் சாக்கர் (கால்பந்து) லீக்கான எம்.எல்.எஸ்.ஸில் சேர்ந்தவர்கள் அந்தப் பணத்தை எப்படித் திரும்ப எடுப்பார்கள்?

கேட்டவர்: சார்லட்ரசிகன்

எங்கள் ஊர் அணி சார்லட் எஃப்.சி. லீக்கில் ஆடத் தொடங்கிய 2022-லிருந்து சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன். உள்ளூரில் ஆடிய முதல் ஆட்டத்துக்கு, எல்.ஏ. கேலக்ஸிக்கு எதிராக, 74,479 பேர் வந்தார்கள். 0-1 என்று தோற்றோம், ஆனாலும் யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை. இப்போது அந்தக் கூட்டம் வருவதில்லை. சாதாரண ஆட்டங்களுக்கு மேலடுக்கைத் திறப்பதே அபூர்வம்.

என் சந்தேகம் இதுதான். சார்லட் உரிமையாளர் டேவிட் டெப்பர் லீக்கில் சேர 325 மில்லியன் டாலர் கட்டினார். ஆப்பிள் நிறுவனம் ஒளிபரப்பு உரிமைக்கு லீக்குக்கு ஆண்டுக்குக் கொடுப்பது சுமார் 250 மில்லியன். 30 அணிகளுக்குப் பிரித்தால் ஓர் அணிக்கு 8.3 மில்லியன் வரும். சம்பளம், விமான டிக்கெட், பயிற்சி மைதானம் என்று ஒரு காசுகூடச் செலவு செய்யாவிட்டாலும் 325-ஐ எடுக்க 39 ஆண்டுகள் ஆகும்! டிக்கெட், விளம்பர வருமானம் தனி, சரி. ஆனால் அது அன்றாடச் செலவுக்கே போய்விடாதா?

இதில் வேடிக்கை, 2007-இல் சேர்ந்த டொராண்டோ 10 மில்லியன்தான் கட்டியது. 2023-இல் சான் டியேகோ 500 மில்லியன் கட்டியது. புதிதாக வருபவரின் பணத்தைப் பழையவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்றால் இதற்கு வேறு பெயர் உண்டே? கணக்கு தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பதில்: நடுக்களம்

அந்த வேறு பெயரைச் சொல்ல ஏன் தயக்கம்? பிரமிடு திட்டம்தான். இதே நாட்டில் இதே படம் ஒருமுறை ஓடிவிட்டது. பழைய என்.ஏ.எஸ்.எல். லீக்கில் 1975-இல் பெலே வந்து நியூயார்க் காஸ்மாஸுக்கு ஆடினார். உடனே ஊருக்கு ஊர் அணி வாங்க ஆள் கிடைத்தார்கள், 1978-இல் 24 அணிகள் ஆகிவிட்டன. 1984 சீசனோடு லீக்கே மூடப்பட்டது. இப்போது பெலே இடத்தில் மெஸ்ஸி, அவ்வளவுதான்.

பதில்: கணக்கர்

கம்பெனிகளுக்கு மதிப்புப் போடுவது என் தொழில். ஒரு வாங்கல்-விற்றலில் இரண்டு பக்கமும் என்ன நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே பாதித் தலை நரைத்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நடுக்களம் சொன்ன சரித்திரம் சரி, முடிவு தவறு. காஸ்மாஸ் மாதிரி ஓர் அணி பணத்தைக் கொட்டியபோது மற்ற அணிகளும் பின்னால் ஓடி மூச்சு வாங்கின. அங்கே செலவுக்குக் கடிவாளம் இல்லை. எம்.எல்.எஸ். அந்தப் பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டப்பட்டது. இங்கே கடிவாளம் மட்டும்தான் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

சார்லட் எஃப்.சி. என்பது நாம் நினைக்கிற மாதிரி தனிக் கடை இல்லை. எம்.எல்.எஸ். மொத்தமும் ஒரே நிறுவனம். வீரர்களின் ஒப்பந்தம் லீக்கின் பெயரில் இருக்கிறது. 'உரிமையாளர்' என்று நாம் சொல்பவர் அந்த நிறுவனத்தில் ஒரு பங்குதாரர், கூடவே ஓர் ஊரில் அணியை நடத்தும் உரிமை பெற்றவர். இது சம்பளத்தை அமுக்க வைத்த ஏற்பாடு என்று வீரர்கள் 1997-இல் வழக்குப் போட்டார்கள். 2002-இல் மேல்முறையீட்டிலும் லீக்தான் ஜெயித்தது.

ஆக டெப்பர் 325 மில்லியனுக்கு வாங்கியது ஓர் அணியை இல்லை, லீக்கில் ஒரு பங்கை. அதைக் கட்டணம் என்று எழுதுவதால்தான் குழப்பம். புதுப் பங்கு வெளியிட்டுத் திரட்டிய பணம் என்று எழுதிப் பாருங்கள், தெளிவாகிவிடும். பழைய பங்குதாரர் கையில் பணம் வருகிறது. பதிலுக்கு ஒளிபரப்பு வருமானத்தில் அவருடைய பங்கு சிறுத்துப்போகிறது. 10 பேர் பிரித்ததை இப்போது 30 பேர் பிரிக்கிறார்கள். ஒருவர் சொத்தில் ஒரு துண்டை விற்றுவிட்டு அதை லாபம் என்று சொல்லிக்கொண்டால் நான் சிரிப்பேன். ஆனால் மோசடி என்று போலீசுக்குப் போகமாட்டேன்.

பங்கின் விலை ஏன் இப்படி ஏறியது? அடிமட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். 2002 சீசனுக்கு முந்தைய குளிர்காலத்தில் டேம்பா பே, அன்றைய மயாமி இரண்டு அணிகளையும் லீக்கே இழுத்து மூடியது. மிச்சம் 10 அணிகள். அதில் ஒரு கட்டத்தில் ஆறு அணிகளை ஃபிலிப் ஆன்ஷுட்ஸ் என்ற ஒரே ஆள் நடத்தினார். மிச்சத்தை லமார் ஹன்ட், ராபர்ட் கிராஃப்ட் இருவரும் தாங்கிப் பிடித்தார்கள். அன்றைக்கு இந்தப் பங்கை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க யோசித்திருப்பார்கள். அந்த நேரத்தில்தான் சாக்கர் யுனைடெட் மார்க்கெட்டிங் என்று ஒரு தனி நிறுவனம் தொடங்கி, உலகக் கோப்பைக்கான அமெரிக்க ஒளிபரப்பு உரிமையை வாங்கினார்கள். பின்னால் மெக்சிகோ தேசிய அணி அமெரிக்காவில் ஆடும் ஆட்டங்களையும் விற்றார்கள். லீக் ஆட்டத்தைப் பார்க்க ஆள் இல்லாத காலத்தில் அடுத்தவர் ஆட்டத்தை விற்றுப் பிழைத்தார்கள். என்னைக் கேட்டால் எம்.எல்.எஸ். சரித்திரத்தில் இங்கிலாந்து நட்சத்திரம் பெக்கம் ஆட வந்ததைவிடப் பெரிய சம்பவம் அதுதான்.

பெக்கம் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 2007-இல் ஒப்பந்தம் போட்டபோது, பின்னால் 25 மில்லியனுக்கு ஓர் அணி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரிதான் இன்றைய இன்டர் மயாமி. ஃபோர்ப்ஸ் அதை 1 பில்லியனுக்கு மேல் மதிப்பிடுகிறது. வாங்குபவர்கள் ஆண்டு லாபத்தைப் பார்க்கவில்லை, இந்த மாதிரிக் கதைகளைத்தான் பார்க்கிறார்கள்.

செலவுப் பக்கம்: 2025-இல் ஓர் அணியின் சம்பள வரம்பு 5.95 மில்லியன். அதற்கு வெளியே மூன்று நட்சத்திர வீரர்களுக்கு இடம், அப்புறம் லீக்கே அச்சடிக்கிற பலவித 'ஒதுக்கீட்டுப் பணம்' (அதை முழுக்கப் புரிந்துகொண்டவர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லவும்). மெஸ்ஸி ஒருவருக்கே ஆண்டுக்கு 20.4 மில்லியன் என்று 2025-இல் வீரர் சங்கம் வெளியிட்ட பட்டியலில் இருந்தது. பல அணிகளின் மொத்தச் சம்பளமே அவ்வளவு வரவில்லை. இருந்தாலும் அவரைப் பார்த்து மற்ற 29 அணிகளும் எல்லா வீரர்களுக்கும் பணத்தைக் கொட்ட விதி விடாது. என்.ஏ.எஸ்.எல். செத்த இடம் இதுதான்.

கடைசியாக உங்கள் சார்லட். டெப்பருக்கு என்.எஃப்.எல். லீக்கில், அதாவது பந்தைக் கையில் எடுத்து ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், கரோலினா பாந்தர்ஸ் அணியும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஸ்டேடியத்தில் ஆடுகின்றன. என்.எஃப்.எல். அணிக்கு ஆண்டில் உள்ளூர் ஆட்டங்கள் பத்தைத் தாண்டாது. சார்லட் எஃப்.சி. வந்ததும் கூடுதலாக 17 நாள் கதவு திறக்கிறது, பார்க்கிங் ஓடுகிறது, பீர் விற்கிறது. 2024-இல் அந்த ஸ்டேடியத்தைப் புதுப்பிக்கச் சார்லட் நகர மன்றம் 650 மில்லியன் ஒதுக்கியது நினைவிருக்கும். ஹோட்டல், சாப்பாட்டு வரியிலிருந்து வரும் பணம். சார்லட் எஃப்.சி. இல்லாவிட்டால் அந்தப் பேச்சுவார்த்தையில் அவர் கை கொஞ்சம் இளைத்துத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். இத்தனையையும் விட்டுவிட்டு 325-ஐ 8.3-ஆல் வகுத்தால் 39 ஆண்டுதான் வரும்.

எல்லாரும் இப்படி ஊர்ப் பணத்தில் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. சிகாகோ அணியின் உரிமையாளர் ஜோ மான்சுயெட்டோ அதே 650 மில்லியனைச் சொந்தப் பணத்திலிருந்து போட்டு ஸ்டேடியம் கட்டப்போவதாக 2025-இல் அறிவித்தார்.

பதில்: ஆஃப்சைடு அக்கா

கணக்கர் சார் எல்லாம் சொன்னார், ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டார். முன்பு ஈ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ், யூனிவிஷன் மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 90 மில்லியன் அளவில்தான் கொடுத்தன. 2023-இல் ஆப்பிள் 250 கொடுத்ததும் எல்லாரும் கை தட்டினோம். ஆனால் கேமரா, வர்ணனைச் செலவு யார் தலையில் என்று யாரும் கேட்கவில்லை. ஆப்பிள் ஒப்பந்தத்தில் படம்பிடிக்கும் செலவு லீக் தலையில். அப்போ அந்த 250 முழுசாகக் கைக்கு வராது.

அதைவிட மோசம், ஆட்டமெல்லாம் தனிச் சந்தாவுக்குள் போய்விட்டது. என் பிள்ளைகளோடு படிக்கிற பையன்கள் இங்கிலாந்து லீக்கின் கடைசி இடத்து அணி வரை பெயர் சொல்கிறார்கள், பத்து மைல் தள்ளி ஆடும் எம்.எல்.எஸ். அணியில் ஒருவர் பெயர் தெரியாது. சானல் மாற்றும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டால்தானே பிடித்துப்போகும்? 2026-லிருந்து தனிச் சந்தாவை எடுத்துவிட்டு ஆப்பிள் டிவி சந்தாவிலேயே சேர்த்துவிட்டார்கள். அவர்களே தவறை உணர்ந்த மாதிரிதான்.

பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடித்துக் கீழிறங்குகிற அணிக்குக்கூட லீக்கிலிருந்து 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் வருகிறது. அந்தப் பணம் ஸ்டேடியத்திலிருந்து வரவில்லை, உலகம் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களிடமிருந்து வருகிறது. பார்வையாளர் இல்லாத ஒப்பந்தம் என்ன ஆகும் என்பதற்கு ஃபிரான்சைப் பாருங்கள். அந்த நாட்டு லீக்கின் ஒளிபரப்பை வாங்கிய மீடியாப்ரோ நிறுவனம் ஆண்டுக்கு 800 மில்லியன் யூரோவுக்கு மேல் தருவதாகச் சொல்லி 2020-இல் சில மாதங்களிலேயே கைவிரித்தது. அப்புறம் டேஸோன் என்ற இணைய ஒளிபரப்பு நிறுவனம் வந்து ஒரே சீசனில் போனது. இப்போது லீக்கே சொந்தச் சானல் நடத்துகிறது.

மறுபதில்: சார்லட்ரசிகன்

இருவருக்கும் நன்றி. கணக்கர் சார், பங்கு விற்பனை என்று பார்த்தால் புரிகிறது. ஆனால் 30 அணி ஆகிவிட்டது. இன்னும் எத்தனை பங்குதான் விற்க முடியும்? அப்புறம் ஐரோப்பா மாதிரி மேலேறுவது, கீழிறங்குவது இங்கே வந்தால் ஆட்டம் சூடுபிடிக்காதா? அக்டோபரில் ஒன்றுக்கும் உதவாத ஆட்டங்களைப் பார்த்துச் சலித்துவிட்டது.

மறுபதில்: கணக்கர்

கீழிறங்குவது வராது. 500 மில்லியன் கொடுத்து உள்ளே வந்தவர், ஒரு மோசமான சீசனில் இரண்டாம் தரத்துக்குப் போகச் சம்மதித்து ஓட்டுப் போடுவாரா? அவர் அந்த விலை கொடுத்ததே கீழே விழமாட்டோம் என்ற உறுதிக்குத்தான். அக்டோபர் சலிப்பு அந்த உறுதியின் விலை, அதை நீங்கள் கட்டுகிறீர்கள்.

பங்கு விற்பது பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. இன்னும் ஒன்றிரண்டு விற்கலாம், அதற்கு மேல் விற்றால் வெட்டிக்கொள்வது சொந்தக் காலைத்தான். ஆகவே இனி உண்மையான வருமானம் வேண்டும். அக்கா சொன்ன ஒளிபரப்பு ஒன்று. இன்னொன்றை இங்கே யாரும் தொடவில்லை: வீரர்களை விற்பது. உங்கள் அணியையே பாருங்கள். பேட்ரிக் ஆகியெமாங் 2023-இல் கல்லூரி டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது) வந்தவர், அவரை வாங்க இன்னொரு கிளப்புக்கு ஒரு டாலர் கொடுக்கவில்லை. 2025-இல் இங்கிலாந்தின் டெர்பி கவுன்டிக்கு விற்றார்கள். வான்கூவர் வளர்த்த அல்ஃபோன்சோ டேவிஸ் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்குக்குப் போனார். அட்லான்டா மிகெல் அல்மிரோனை இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு விற்றது. இப்படி ஆண்டுக்கு ஒருவரை ஒழுங்காக விற்கிற அணிக்கு ஆப்பிள் பங்கைவிட அதிகமாகக் கிடைக்கும்.

2027-இல் சீசனை ஜூலையில் தொடங்கி மே மாதம் முடிக்கப்போகிறார்கள் அல்லவா, அதற்குப் பெரிய காரணம் இதுதான். ஐரோப்பாவில் வாங்கல்-விற்றல் சூடாக இருக்கும் ஜூலை, ஆகஸ்டில் இங்கே இப்போது சீசன் பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கும். நல்ல ஸ்ட்ரைக்கரை அப்போது விற்றால் ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள், மாற்று ஆளைத் தேடவும் நேரமில்லை. காலண்டர் ஒத்துப்போனால் இரண்டு தொல்லையும் குறையும். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை இடைவேளை உண்டு. ஆனாலும் குளிரில் நடுங்கும் மினசோட்டா ரசிகர்கள் டிசம்பர் முதல் வாரத்தில் என்னைத் திட்டக்கூடும், திட்டட்டும்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். ஒரு பில்லியன் மதிப்பு என்று பேசிக்கொள்கிற கிளப்புகள் இன்னும் 6 மில்லியனைச் சுற்றிச் சம்பள வரம்பு வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 2002-இல் அது உயிர் காத்தது. இப்போது ஆட்டத்தின் தரம்தான் அதற்கு விலை. மூன்று நட்சத்திரங்களுக்குப் பின்னால் பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தரம் ஏறாமல் பார்வையாளர் ஏறமாட்டார்கள். ஆப்பிள் ஒப்பந்தத்தை 2029-இல் முடியும்படி சுருக்கியிருக்கிறார்கள். அதற்குள் இருக்கும் சீசன்களில் வரம்பைத் தளர்த்தித் தரத்தைக் காட்டினால்தான் அடுத்த ஏலத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வந்து உட்காருவார்கள்.

பதில்: நடுக்களம்

பிரமிடு என்ற வார்த்தையைத் திரும்ப எடுக்கமாட்டேன், 2029 ஏலம் முடியட்டும். வீரர் விற்பனை பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆகியெமாங்கை விற்ற பணத்தில் சார்லட் அடுத்து யாரை வாங்கியது என்று யாராவது எழுதுங்கள், அங்கேதான் எனக்கு நம்பிக்கை இல்லை.