சுத்திகரிப்பான் ஓடியும் காப்பகத் தூக்க அறையில் கரியமில வாயு குறையவில்லை: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். நான் குழந்தைகள் காப்பகம் ஒன்றை நடத்திவருகிறேன். மூன்று வயதுக் குழந்தைகள் 16 பேர் மதியம் உறங்கும் அறை 40 சதுர மீட்டர் பரப்பும் 110 கன மீட்டர் கொள்ளளவும் கொண்டது. உதவியாளர்கள் இருவர் உடனிருப்பார்கள். சாலைப் புகைக்கு அஞ்சிச் சன்னல்களை மூடிவிட்டு, ஸ்ப்ளிட் ஏசியையும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பானையும் ஓடவிடுகிறோம். அண்மையில் வாங்கிய கரியமில வாயு மீட்டர், குழந்தைகள் படுக்கும்போது 650 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 650 பங்கு) என்றும், ஒன்றரை மணி நேரத்தில் 1,900 என்றும் காட்டுகிறது. பிள்ளைகள் சோர்ந்து சிணுங்கியபடி எழுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. இதைவிடப் பெரிய சுத்திகரிப்பான் வாங்க வேண்டுமா?

பதில் 1:
வாங்க வேண்டாம். ஹெப்பா வடிகட்டி தூசியையும் புகைத்துகளையும் பிடிக்கும். கரியமில வாயு அதனூடே அப்படியே கடந்துவிடும். ஸ்ப்ளிட் ஏசி அறைக்காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி அனுப்புகிறதே தவிர, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. 1,900 என்பது நஞ்சாகும் அளவு அன்று. ஆனால் வெளிக்காற்று போதவில்லை என்பதை அது உறுதியாகச் சொல்கிறது; அப்படிப்பட்ட அறையில் பலகைகளிலிருந்தும் பசைகளிலிருந்தும் கசியும் ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களும் சேர்ந்தே தேங்கும்.

பதில் 2:
முதலில் மீட்டரைச் சோதியுங்கள். மலிவான சில கருவிகள் கரியமில வாயுவை அளக்காமல், பிற ஆவிகளைக் கொண்டு அதை ஊகிக்கின்றன. தரையைக் கிருமிநாசினியால் துடைத்தாலே அவற்றின் எண் எகிறும். அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் என்டிஐஆர் உணரி இருந்தால், திறந்தவெளியில் ஏறத்தாழ 420 முதல் 450 வரை காட்ட வேண்டும். குழந்தைகளின் முகத்தருகே வைத்தால் மூச்சு நேரடியாகப் பட்டு எண் கூடும் என்பதையும் கவனியுங்கள். பின்பு, எல்லோரும் வெளியேறியதும் கதவைச் சாத்திவிட்டு, 1,900 என்ற எண் 970-க்கு இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
என்டிஐஆர் உணரிதான்; வெளியில் 430 காட்டியது. 970-க்கு இறங்க மூன்று மணி நேரம் ஆயிற்று.

பதில் 2:
வெளிக்காற்றின் அளவைவிட மிகையாக இருந்த வாயு (1,470 பிபிஎம்) 37 விழுக்காடாக (540) இறங்கும் நேரத்தில், அறையின் கொள்ளளவுக்கு நிகரான வெளிக்காற்று உள்ளே வந்திருக்கும். அதற்கு மூன்று மணி நேரம் ஆகிறதென்றால், அறைக்காற்று மணிக்கு மூன்றில் ஒரு பங்குதான் மாறுகிறது. அதாவது நொடிக்கு 10 லிட்டர். கட்டடக் காற்றோட்டத்துக்கான அமெரிக்கத் தரநிலையான ஆஷ்ரே 62.1, குழந்தைகள் காப்பகத்திற்கு ஆளுக்கு நொடிக்கு 5 லிட்டரும், சதுர மீட்டருக்கு 0.9 லிட்டரும் கேட்கிறது. உங்கள் அறைக்கு 90-உம் 36-உம் சேர்ந்து 126 லிட்டர் வேண்டும். பன்னிரண்டு மடங்குக்கும் மேலான இந்தக் குறையை எந்தச் சுத்திகரிப்பானாலும் ஈடுகட்ட முடியாது.

கேட்டவர்:
சன்னலைத் திறந்தால் புகை வருமே? வெளியேற்று விசிறி மட்டும் போதாதா?

பதில் 1:
விசிறி இழுக்கும் அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வழி விடாவிட்டால் கழிவறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் இழுக்கும். எரிவாயு வெந்நீர்க் கருவி அருகில் இருந்தால் அதன் புகைபோக்கிக் காற்றே திரும்பி உள்ளே வரக்கூடும். இது உண்மையில் ஆபத்தானது. அப்போது வரும் கார்பன் மோனாக்சைடை உங்கள் மீட்டர் காட்டாது. அதற்குத் தனி எச்சரிக்கைக் கருவி வேண்டும். ஆகவே சாலைக்கு எதிர்ப்புறச் சுவரில் வடிகட்டியுடன் காற்று நுழைவழி அமைத்து, விசிறியை அறையின் மறுகோடியில் வையுங்கள். உள்ளே வரும் துகள்களை இப்போதைய சுத்திகரிப்பான் கவனித்துக்கொள்ளும். அதன் உரிய வேலை அதுதான்.

கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பின்):
அப்படியே செய்தோம். எரிவாயுக் கருவி எங்களிடம் இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டேன். இப்போது உறக்க நேரத்தின் முடிவில் மீட்டர் 750-ஐத் தாண்டுவதில்லை. நுழைவழிக் காற்று நேராகப் பட்ட இரண்டு மெத்தைகளை மட்டும் தள்ளிப் போட்டிருக்கிறோம். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.