பார்சிலோனா முதல் மலாகா வரை, 7 நாள், கார்: அப்பா அம்மாவோடு சரிவருமா?

சாலைவாசி:

வணக்கம் நண்பர்களே. செப்டம்பர் கடைசியில் அப்பா, அம்மாவை ஸ்பெயினுக்கு அழைத்துப் போகிறேன். பார்சிலோனாவில் வாடகைக் காரை எடுத்து, வலென்சியா, அலிகாந்தே, அல்மெரியா என்று கடலோரமாகவே இறங்கி, மலாகாவில் காரை ஒப்படைப்பதாகத் திட்டம். மொத்தம் ஏழு நாள். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் வருகிறது. நாளுக்கு 150 கிலோமீட்டர்தானே என்று தைரியமாக இருக்கிறேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் நன்றாக நடப்பார், படியைப் பார்த்தால் முகம் மாறிவிடும். மீன் என்றால் உயிர். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பெரிய நகரம் எதுவும் வேண்டாம், சின்னச் சின்ன ஊராக இருக்க வேண்டும், ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும். அம்மா போட்ட நிபந்தனை அவ்வளவுதான்.

நான் ஒருவன்தான் ஓட்டுவேன். இந்திய லைசென்ஸ், சாலையின் வலதுபக்கம் ஓட்டிப் பழக்கமில்லை. வழி சரியா, எங்கே தங்கலாம், எதில் ஏமாறுவேன் என்று போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று:

தம்பி, முதலில் பார்சிலோனாவை அடித்துவிடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் மே மாதத்தில் என் மாமனார், மாமியாரோடு இதே கணக்கைப் போட்டுத்தான் நாங்களும் கிளம்பினோம். 150 கிலோமீட்டர் என்பது காகிதத்தில் ஒன்றரை மணி நேரம். ஆனால் தினமும் பெட்டியைக் கட்டி, அறையைக் காலி செய்து, புது ஊரில் பார்க்கிங் தேடி, மறுபடி பெட்டியை மேலே ஏற்றுவதற்குள் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். ஓர் ஊரில் எடுத்த காரை வேறு ஊரில் விட்டால் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

மலாகாவில் எடுத்து மலாகாவிலேயே விடுங்கள். அங்கிருந்து கிழக்கே கபோ தே காத்தா இயற்கைப் பூங்கா வரை மட்டும். நெர்ஹாவில் மூன்று இரவு, பூங்காவுக்குள் இருக்கும் சான் ஹோசேயில் மூன்று இரவு, கடைசி இரவு மலாகா. அம்மா கேட்ட சின்ன ஊர் முழுக்க இந்த இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. (பலகையில் ஆங்கில ஜே எழுத்து இருந்தால் ஹ என்று படியுங்கள். "நெர்ஜா" என்று நான் கேட்ட ஒருவருக்கும் புரியவில்லை.)

நெர்ஹா மலாகாவிலிருந்து 55 கிலோமீட்டர் சுமாருக்கு. ஊர் நடுவிலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மேல் ஒரு திறந்த முற்றம் உண்டு, பால்கோன் தே எவுரோபா என்று பெயர். அதாவது ஐரோப்பாவின் பால்கனி. 1884 கிறிஸ்துமஸ் அன்று இந்தப் பக்கம் பெரிய நிலநடுக்கம். அடுத்த மாதமே சேதத்தைப் பார்க்க வந்த அரசர் பன்னிரண்டாம் அல்ஃபோன்சோதான் இந்தப் பெயரை வைத்தார் என்று ஊரில் சொல்வார்கள். அவருடைய வெண்கலச் சிலை பீடம் எதுவும் இல்லாமல் தரையோடு தரையாகக் கம்பியருகே நிற்கிறது. என் மாமனார் அவர் பக்கத்தில் அதே மாதிரி சாய்ந்து நின்று அரை மணி நேரம் கடலைப் பார்த்தார். படி கிடையாது, உங்கள் அப்பாவுக்கு ஏற்ற இடம்.

நெர்ஹா குகை வேறு கதை. 1959 ஜனவரியில் வௌவால் பிடிக்கப் போன ஐந்து பையன்கள் கண்டுபிடித்தது. உள்ளே கல்தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபம் போலவே இருக்கும். ஆனால் படியோ படி. அப்பாவை வெளியே நிழலில் உட்காரவைத்து நீங்களும் அம்மாவும் போய்வாருங்கள்.

அங்கிருந்து மலைப்பக்கம் ஆறேழு கிலோமீட்டர் ஏறினால் ஃப்ரிஹிலியானா. சுவரெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை, தெருவெல்லாம் படிக்கட்டு. மேலே ஏறாவிட்டால் நஷ்டமில்லை. கீழேயே பழைய மாளிகை ஒன்றில் கரும்புப்பாகு ஆலை இருக்கிறது. இந்தப் பாகுக்கு மியேல் தே கான்யா என்று பெயர், அப்படியே மொழிபெயர்த்தால் கரும்புத் தேன். தேனீக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் குறுக்கியதுதான். கத்திரிக்காயை மெல்லிசாகச் சீவி மாவில் தோய்த்துப் பொரித்து, மேலே இதைக் கம்பியாக ஊற்றித் தருவார்கள். என் மாமியார் விரலில் தொட்டு நக்கிவிட்டு, "இது நம்ம வெல்லப்பாகுடி, கொஞ்சம் கருகவிட்டிருக்காங்க" என்றார். உண்மையிலேயே அதே வாசனை. அரபியர் காலத்திலிருந்து இந்தக் கரையில் கரும்புதான். சலோப்ரென்யா பக்கம் இருந்த கடைசிச் சர்க்கரை ஆலை 2006இல்தான் மூடப்பட்டது. இப்போது அந்த நிலங்களில் அவகாடோ, மாம்பழம், சீதாப்பழத்துக்கு உறவான சிரிமோயா.

நெர்ஹாவிலிருந்து கிழக்கே போகும்போது ஏ-7 நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். டோல் இல்லாத நல்ல சாலைதான், ஆனால் சுரங்கம் சுரங்கமாகப் போகும், கடலைப் பார்க்க முடியாது. லா எர்ராதுரா வரையாவது பழைய என்-340இல் போங்கள். பாறை விளிம்பிலேயே வளைந்து வளைந்து போகும், முனைக்கு முனை பழைய காவல் கோபுரம் ஒன்று நிற்கும். நிறுத்திப் பார்க்க இடம் இருக்கிறது. வேகமாக வரும் ஒருவன் பின்னால் ஒட்டிக்கொண்டால் பதறாமல் ஓரம் கட்டி வழிவிடுங்கள்.

மோத்ரில் தாண்டி அல்மெரியா பக்கம் வந்ததும், எல் எஹீதோ சுற்றுவட்டாரத்தில் மலையடிவாரத்திலிருந்து கடல் வரை ஒரே வெள்ளை. மாமியார் உப்பளம் என்றே நினைத்தார். எல்லாம் பிளாஸ்டிக் கூரை, அடியில் தக்காளி, குடமிளகாய், வெள்ளரி. சுமார் 30,000 ஹெக்டேராம். ஐரோப்பாவின் குளிர்காலக் காய்கறியில் பெரும்பங்கு இங்கிருந்து போகிறது. அழகென்று சொல்ல மாட்டேன். ஆனால் அரைமணி நேரம் கார் ஓடியும் கூரை முடியாதபோது அதை எழுதாமல் விடவும் மனம் வரவில்லை.

அதைக் கடந்தால் கபோ தே காத்தா. 1987 முதல் இயற்கைப் பூங்கா. ஐரோப்பாவிலேயே மழை மிகக் குறைந்த இடங்களில் ஒன்று, கள்ளியும் எரிமலைப் பாறையும்தான். சாலையை ஒட்டிய உப்பளத்தில் (இது நிஜ உப்பளம்!) பூநாரைகள் நிற்கும். மோன்சுல் கடற்கரைக்கு மண் சாலை, கோடையில் கார் நிறுத்த இடம் நிறைந்துவிட்டால் காரை விடமாட்டார்கள், சான் ஹோசேயிலிருந்து பேருந்தில்தான் போக வேண்டும். நீங்கள் போகும் நேரத்தில் எப்படி என்று தங்குமிடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு நேரம்தான் எங்களைக் கவிழ்த்தது. மதியச் சாப்பாடு இரண்டிலிருந்து நான்கு மணிக்குள். ஒரு மலையூருக்கு நாலரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடை திறந்திருக்கிறது, ஆள் இருக்கிறார், காபி தருகிறார், சாப்பாடு மட்டும் கிடையாது. "கொசீனா செர்ராதா", அடுப்பு அணைத்தாயிற்று. இரவு ஒன்பது மணிக்குத்தான் மறுபடி. அன்று நான்கு பேரும் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு சிப்ஸைப் பங்கிட்டோம். அதன்பிறகு எங்கே இருந்தாலும் இரண்டரைக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவோம்.

கியர்பெட்டி:

அக்கா சொன்னது அத்தனையும் சரி, ஆனால் கிரனாடாவை விட்டுவிட்டாரே! சலோப்ரென்யாவிலிருந்து வடக்கே 70 கிலோமீட்டர்கூட இல்லை. அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட், முன்கூட்டியே வாங்காவிட்டால் கிடைப்பது கஷ்டம். பாஸ்போர்ட்டும் வேண்டும்.

ஓட்டுவது பற்றி. உங்கள் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் அசலாக இருக்க வேண்டும், ஒன்று இல்லாமல் இன்னொன்று செல்லாது. ஆட்டோமேட்டிக் கார் கூடுதல் வாடகை என்றாலும் எடுத்துவிடுங்கள். வலது கையால் கியர் போடுவதையும் ரவுண்டானாவையும் ஒரே நாளில் கற்க வேண்டாம். ரவுண்டானாவில் உள்ளே சுற்றுபவருக்கே முன்னுரிமை, அவர் உங்கள் இடப்பக்கமிருந்து வருவார். இன்னொன்று, அங்கே இண்டிகேட்டர் இடது கைப்பக்கம். முதல் இரண்டு நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் நான் வைப்பரைப் போட்டேன். மேகமே இல்லாத ஊரில் வைப்பர் கிறீச்சிட்டுக்கொண்டே போகும் காரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நெடுஞ்சாலையில் 120, சாதாரணச் சாலையில் 90, ஊருக்குள் திசைக்கு ஒரு தடம் உள்ள தெருவில் 30. பார்க்கிங்கில் வெள்ளைக் கோடு இலவசம், நீலம் காசு, மஞ்சள் என்றால் நிறுத்தவே கூடாது.

சாலைவாசி:

பார்சிலோனாவை அடித்துவிட்டேன் அக்கா. கிரனாடாவைப் பற்றி வீட்டில் பேச வேண்டும், அது நகரம் ஆயிற்றே. பெட்ரோல் பங்கில் நாமே போட்டுக்கொள்வதா? அம்மாவுக்குக் கத்திரிக்காய் தவிர என்ன கிடைக்கும்? அப்பாவுக்கு மீன் எங்கே?

உப்புக்காற்று:

பங்கில் கவனம். கசோலினா என்றால் பெட்ரோல், கசோலெயோ என்றால் டீசல். பெயர் ஒலியில் மயங்கி என் கணவர் டீசல் குழாயைத் தூக்கிவிட்டார், எங்கள் கார் பெட்ரோல். பக்கத்தில் லாரிக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் "நோ, நோ!" என்று ஓடிவந்து தடுத்தார். மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் குறியைப் பாருங்கள்: வட்டம் பெட்ரோல், சதுரம் டீசல். குழாயிலும் அதே குறிதான்.

அம்மாவுக்கு: கஸ்பாச்சோ, தக்காளியை அரைத்த குளிர்ந்த சூப். அஹோ பிளாங்கோ, பாதாமும் பூண்டும் அரைத்து மேலே திராட்சை போட்டது, மாமியார் இரண்டு கிண்ணம் குடித்தார். பொரித்த குட்டிப் பச்சைமிளகாய், தக்காளி தேய்த்த ரொட்டி. "சைவம்" என்று மட்டும் சொன்னால் சாலட்டில் சூரை மீன் தூவி வந்துவிடும். அவர்களுக்குக் கறி வேறு, ஹாம் வேறு, மீன் வேறு. அதனால் தனித்தனியாகச் சொல்லுங்கள்: சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் வேவோ. சின் என்றால் இல்லாமல், கடைசிச் சொல் முட்டை. கத்திரிக்காய் மாவிலும் முட்டை சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். சமையலறை உள்ள வீடாக எடுத்தால் இன்னும் நிம்மதி, வேகவைத்த கொண்டைக்கடலை கண்ணாடிப் புட்டியில் எல்லாக் கடையிலும் உண்டு. நாங்கள் சுண்டல் தாளித்தே மூன்று நாளை ஓட்டினோம்.

அப்பாவை முதல் நாளே மலாகாவின் பெத்ரெகலெஹோ கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். பழைய படகில் மணலை நிரப்பி அதன்மேல் விறகு எரிப்பார்கள். ஒரு குச்சிக்கு ஐந்தாறு மத்தி கோத்து, நெருப்புக்கு மேலே காட்டாமல் பக்கத்தில் மணலில் சாய்வாக நட்டுவைப்பார்கள். சுடுகிறவர் காற்று திரும்பும்போதெல்லாம் குச்சியையும் இடம் மாற்றி நடுவார். கல்லுப்பும் எலுமிச்சையும்தான், வேறு மசாலா இல்லை. முள்கரண்டி வேண்டாம், கையால்தான் சாப்பிட வேண்டும். இதற்கு எஸ்பெத்தோ என்று பெயர்.

சாலைவாசி:

நெர்ஹா 3, சான் ஹோசே 3, மலாகா 1 என்று அறை போட்டாயிற்று. அம்மாவிடம் கத்திரிக்காயைப் பற்றிச் சொன்னேன். "கத்திரிக்காய் தின்ன அவ்வளவு தூரம் போகணுமா?" என்கிறார். அந்தப் பாகு பாட்டிலில் விற்கிறார்களா?

உப்புக்காற்று:

விற்கிறார்கள். செக்-இன் பெட்டியில் இரண்டு பிளாஸ்டிக் பையைச் சுற்றி வையுங்கள். எங்களுடையது மாமனாரின் வேட்டியில் கொட்டிவிட்டது.