ஸ்கிராபிளுக்கு எழுத்து வாரியாக இங்கிலீஷ் சொல் தேட உதவி வேண்டும்

அண்ணாமார், அக்காமார், ஸ்கிராபிள் (எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் விளையாட்டு) விளையாடுகிறவர்கள் இருந்தால் கொஞ்சம் கை கொடுங்கள். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் ஓ/எல் (சாதாரண தர) பிள்ளைகள் சேர்ந்து விளையாடுகிறார்கள். இங்கிலீஷ் என்றாலே ஒதுங்கிய பிள்ளைகள் இப்போது அகராதியைப் புரட்டிச் சண்டை பிடிக்கிறார்கள், அதை அப்படியே விட எனக்கு மனமில்லை.

பிரச்சினை கியூவும் இசட்டும்தான். இரண்டுக்கும் 10 புள்ளி, ஆனால் 100 கட்டைகளில் யூ நாலே நாலு. யூ வராவிட்டால் கியூவைக் கடைசிவரை கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள், ஆட்டம் முடியும்போது அந்த 10 புள்ளியும் கழிபடும். யூ இல்லாமலும் சொல் உண்டு: கியூ, ஐ இரண்டும் சேர்ந்தாலே (qi) ஒரு சொல், பக்கீரையும் கியூ போட்டு (faqir) எழுதலாம். இப்படி இன்னும் என்னென்ன இருக்கிறது?

எக்ஸெல்லில் சொற்பட்டியலைப் போட்டு, எழுத்துக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி வைத்து வடிகட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்து, இரண்டு எழுத்து என்றால் சரி. மூன்று எழுத்து, அதுவும் எந்த வரிசையில் வந்தாலும் வேண்டும் என்றால் வடிகட்டும் பெட்டியில் இரண்டு நிபந்தனைக்கு மேல் இடமில்லை. அதற்கு என்ன வழி? டேட்டா இல்லாமல் போனில் வேலை செய்கிற ஆப் இருந்தாலும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் வசதி.

அப்புறம், ஆரையம்பதி, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் யாரிடமாவது பழைய கொலின்ஸ் ஸ்கிராபிள் அகராதி சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து எடுக்கிறேன்.