புதுப்பிப்பு: டூல்பாக்ஸ் லைசென்ஸ் இல்லாமலே எஃப்ஐஆர் பில்டர் ஓடிவிட்டது

எங்கள் மேட்லாப் (கணிப்பு மென்பொருள்) லைசென்ஸில், வடிவமைப்பை வன்பொருள் கோடாக்கும் எச்டிஎல் கோடர், எண்களைக் குறித்த பிட் அளவுக்குள் அடக்க உதவும் பிக்ஸ்ட் பாயின்ட் டிசைனர் என்ற இரண்டு டூல்பாக்ஸும் இல்லை, 64 டாப் லோ பாஸ் எஃப்ஐஆர் பில்டரை (கடைசி 64 மாதிரிகளை ஒவ்வொரு குணகத்தால் பெருக்கிக் கூட்டி, உயர் அதிர்வெண்களை நீக்குவது) சிப் வடிவமைப்பு மொழியான வெரிலாக்காக்க வேறு வழி உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "குணகங்களை சைபையில் எடுங்கள், வெரிலாக்கைக் கையால் எழுதுங்கள்" என்று ஒரு அண்ணா சொன்ன வழி. சைபை என்பது பைத்தான் மொழியின் கணித நூலகம். அதில் பில்டரை வடிவமைக்கும் ரீமெஸ் என்ற சார்பு தந்த குணகங்களை 32768 ஆல் பெருக்கி, முழு எண்ணாக்கி, 16 பிட்டில் வைத்தேன். உள்ளீடும் 16 பிட். பெருக்கினால் 32 பிட், அப்படி 64 பெறுமதிகளைக் கூட்ட இன்னும் 6 பிட் (2^6 = 64). ஆக, கூட்டுத்தொகையைச் சேர்த்துவைக்கும் அக்யுமுலேட்டர் 38 பிட். அதே முழு எண் கணக்கை பைத்தானின் நம்பை நூலகத்திலும் செய்து, ஐகாரஸ் வெரிலாக் சிமுலேட்டரின் வெளியீட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன்.

எதிர்பாராதவை இரண்டு. முதலில் மேட்லாப் போன்ற இலவச மென்பொருளான ஒக்டேவில் முயன்றபோது 64 கொடுத்தால் 65 குணகம் வந்தது. அங்கே ரீமெஸ் கேட்பது ஆர்டர், அதாவது டாப் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. சைபையில் டாப் எண்ணிக்கை. இதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாலை போய்விட்டது.

அடுத்தது வெளியீடு சராசரியாக அரை எல்எஸ்பி (கடைசி பிட்டின் மதிப்பு) கீழே இறங்கி நின்றது. 32768 ஆல் பெருக்கியதை ஈடுசெய்யக் கீழ் 15 பிட்டை வெறுமனே வெட்டினால், இரண்டின் நிரப்பியில் (எதிர்ம எண்களையும் பிட்டில் எழுதும் முறை) எப்போதும் கீழ்ப்பக்கமே சாயும். வெட்டுமுன் 32768 இன் பாதியான 16384 ஐக் கூட்டினேன், சரியாகிவிட்டது.

நேற்றிரவு வெள்ளவத்தை வீட்டில் போர்டில் ஏற்றினேன். ஒசிலோஸ்கோப்பில் இரைச்சல் போய் சைன் அலை மட்டும் தெரிகிறது.